டோலரஸ் ஹார்ட்டின் துறவு: காலவரிசை வழி ஒரு மறுநோக்கு

1963 ஜூன் 13 அன்று அமெரிக்கத் திரைப்பட நடிகை டோலரஸ் ஹார்ட், கனெக்டிகட் மாநிலத்தின் பெத்லகேம் என்னும் சிற்றூரிலுள்ள ரெஜினா லாடிஸ் மடத்தில் துறவு வாழ்வுக்கெனச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 24. எல்விஸ் பிரெஸ்லியின் கதாநாயகி கன்னியாஸ்திரியானார் என்னும் ஒற்றை வரியில் இந்நிகழ்வு அடக்கப்படுவது வழக்கம். ஒரே நாளில் நேர்ந்த திருப்பம் என்ற எண்ணத்தை அவ்வரி தோற்றுவிக்கிறது. காலவரிசை அதற்கு இடந்தரவில்லை.

ஹார்ட் சிறுவயதிலேயே கத்தோலிக்கத்தைத் தழுவியவர். 'லவ்விங் யூ' (1957), 'கிங் கிரியோல்' (1958) ஆகிய படங்களில் பிரெஸ்லியுடன் நடித்து அறிமுகம் பெற்றார். 'த பிளஷர் ஆஃப் ஹிஸ் கம்பெனி' என்னும் பிராட்வே நாடகத்திற்காக 1959இல் டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அந்நாடகம் நடந்துவந்த நாள்களில்தான், உடற்சோர்வு மிக்க நிலையில், ஓய்வுக்காக முதன்முறை இம்மடத்திற்குச் சென்றார். தமக்கு இறையழைத்தல் இருக்கக்கூடுமோ என அவர் வினவியபோது, இளவயதினராகிய அவரைத் திரும்பிச் சென்று நடிப்பைத் தொடருமாறே மடத்தார் அறிவுறுத்தினர். ஆக, சேர்வதற்கு முன் ஏறத்தாழ நான்கு ஆண்டுக் காத்திருப்பு உண்டு. அக்காலத்தில் அவர் புகழ் குறையவுமில்லை. 'வேர் த பாய்ஸ் ஆர்' (1960) பெருவெற்றி பெற்றது இவ்விடைவெளியிலேயே.

1961இல் வெளிவந்த 'பிரான்சிஸ் ஆஃப் அசிசி' படத்தில் அவர் புனித கிளாராவாக நடித்தார். படப்பிடிப்பின்போது உரோமையில் திருத்தந்தை 23ஆம் யோவானைச் சந்தித்ததையே துறவுக்குக் காரணமாகக் காட்டுவோர் உளர். சுவையான விளக்கம்தான், எனினும் மடத்துடனான தொடர்பு அதற்கு முன்பே தொடங்கிவிட்டதால், அச்சந்திப்பை முன்னரே எழுந்த எண்ணத்திற்கு ஊக்கமெனக் கொள்ளலாமேயன்றி மூலமெனக் கொள்ளவியலாது. நடிகை ஏற்ற பாத்திரமே அவரை மாற்றியது என்னும் கதையாக்கம் செய்தித்தாள்களுக்கு உகந்தது, வரலாற்றுக்கு அன்று.

அவர் தேர்ந்த மடத்தின் பின்புலமும் கருதத்தக்கது. அமெரிக்காவில் பிறந்து மருத்துவம் பயின்ற அன்னை பெனடிக்ட் டஸ், பிரான்சின் ஜுவார் மடத்தில் துறவியாக இருந்தவர். 1944இல் அப்பகுதியை அமெரிக்கப் படையினர் விடுவித்ததைக் கண்ட அவர், அதற்கான நன்றியாகத் தம் நாட்டில் ஒரு மடம் காண விழைந்தார். 1947இல் ரெஜினா லாடிஸ் தோன்றியது. இதன் தொடக்கக் கதையைத் தழுவி 1949இலேயே 'கம் டு த ஸ்டேபிள்' என்னும் ஹாலிவுட் படம் வெளிவந்திருந்தது. திரையுலகுக்கு இம்மடம் முற்றிலும் அந்நியமானதன்று.

ஹார்ட் சேர்ந்தபோது இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடைபெற்றுக்கொண்டிருந்தது. 1965இல் அமெரிக்கக் கன்னியர் தொகை சுமார் 1,80,000 என்னும் உச்சத்தைத் தொட்டுப் பின் சரியத் தொடங்கியது. துறவிகள் பெருமளவில் மடங்களை விட்டு வெளியேறிய அப்பத்தாண்டில், இலத்தீன் கிரகோரியப் பண்ணிசையைக் கைவிடாத ஓர் அடைபட்ட மடத்தில் அவர் நிலைத்து நின்று, 1970இல் இறுதி வார்த்தைப்பாடு அளித்தார். மடம் புகுந்த செயலைவிட இந்த ஏழாண்டு நிலைப்பே ஆய்வாளர் கவனத்திற்கு உரியது; ஆனால் அதைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்த நிலையில் அதைக் கைவிட்டு வந்தவர் என்பதால், அவ்வாண்டுகள் எளியனவாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

நடிப்பு அவரை முற்றிலும் நீங்கவுமில்லை. நடிகை பட்ரீசியா நீல் முதலியோரின் துணையுடன் மட வளாகத்தில் திறந்தவெளி நாடக அரங்கு உருவாக அவர் காரணமானார். 2001 முதல் 2015 வரை மடத்தின் துணைத்தலைவியாகப் பணியாற்றினார். துறவாடையுடனே ஆஸ்கர் அகாதமியின் வாக்குரிமை உறுப்பினராகவும் தொடர்ந்தார்.