வீட்டுத் தடாகத்துக்குக் கோய் மீன் தெரிவு செய்வது எப்படி?

சொந்த வீடு வாங்கி, பின்வளவில் ஒரு சிறு தடாகம் வெட்டி, அதில் யப்பானியக் கோய் மீன் விடும் ஆசை எம்மவர் சிலருக்கும் வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் கடையில் விரல் நீளத்தில் நீந்தும் அந்தக் குஞ்சு, நல்ல பராமரிப்பில் 60 சென்ரிமீற்றருக்கு மேல் வளரும். 25, 30 வருடங்கள் உயிரோடிருக்கும். இன்று பாலர் வகுப்பில் இருக்கும் பிள்ளை கலியாணம் கட்டிப் போன பிறகும் அது தடாகத்தில் இருக்கும். வாடகை வீட்டில் இருப்போர் இதை இரு தடவை யோசிக்க வேண்டும்.

கோய் என்பது தங்கமீன் அல்ல, கெண்டை இனம். வாயோரத்து மீசையைப் பார்த்தே வேறுபாட்டைக் கண்டுகொள்ளலாம். யப்பானின் நீகாட்டா மாகாணத்து மலைக் கிராமங்களில் நெல் விவசாயிகள், பனி மூடும் காலத்துக்கு உணவாகவே கெண்டை வளர்த்தனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவற்றுள் நிறம் மாறிய சில மீன்கள் தோன்ற, அவற்றைத் தனியே பிரித்து இனம் பெருக்கினர். 1914இல் ரோக்கியோவில் நடந்த கண்காட்சிக்குப் பிறகே வெளியார் இவற்றை அறிந்தனர். 2004 ஒக்டோபரில் நிலநடுக்கம் இப்பகுதியின் யமகோஷி கிராமத்தைச் சிதைத்தது. ஊர் முழுவதும் வெளியேற்றப்பட்டது. குளங்கள் உடைந்து ஏராளமான மீன்கள் மடிய, எஞ்சியவற்றில் ஒரு பகுதியை உலங்குவானூர்தியில் ஏற்றிக் காப்பாற்றினர். ஊரை விட்டுப் போகும்போது எதைக் கையோடு கொண்டுபோவது என்ற கேள்வி எங்களுக்குப் புதிதல்லவே.

மீனுக்கு முன் தண்ணீர். ஒரு மீனுக்கு 1,000 லீற்றர் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. 3 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், 1.2 மீற்றர் ஆழம் என்றால் 7,200 லீற்றர். ஏழு மீன் போதும். ஆழத்தைக் குறைக்க வேண்டாம். குளிர்நாடுகளில் மேற்பரப்பு உறையும்போது மீன் அடியில் ஒதுங்க இடம் வேண்டும். ஓரங்களைச் செங்குத்தாக அமைத்தால் கொக்கு இறங்கி நின்று பிடிப்பதும் கடினம். அதே ஆழமும் அதே செங்குத்தும் நடக்கப் பழகும் குழந்தைக்கு உயிராபத்து. அத்தகைய வீட்டில் பூட்டக்கூடிய வேலி இல்லாமல் தடாகம் வெட்டவே கூடாது என்பது எமது உறுதியான கருத்து.

அவுஸ்திரேலியாவில் உள்ளவர்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸ், மேற்கு அவுஸ்திரேலியா, தலைநகரப் பிரதேசம் ஆகியவற்றில் கோய் வளர்க்கலாம். விக்ரோறியா, குயீன்ஸ்லாந்து உட்பட ஏனைய இடங்களில் தடை. எந்த நாட்டிலும் வேண்டாத மீனை ஆற்றிலோ ஏரியிலோ விடக்கூடாது.

இனி மீன். கோய் மேலிருந்து பார்த்து இரசிக்கவென்றே வளர்க்கப்பட்டது; கண்ணாடித் தொட்டியின் பக்கவாட்டில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விற்பவரிடம் சொல்லி அகன்ற பாத்திரத்தில் விடச் செய்து, மேலிருந்து பாருங்கள். எல்லோரும் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். அனுபவசாலிகள் முதலில் உடலைப் பார்ப்பார்கள். முதுகெலும்பு நேராக இருக்க வேண்டும். தோள் அகன்று, வாலை நோக்கிச் சீராக ஒடுங்க வேண்டும். நீந்தும்போது நெளிவு இரு பக்கமும் ஒரே மாதிரி வர வேண்டும். கோணல் உடல் பின்னர் நேராகாது.

அடுத்தது தோலின் மினுக்கம், அதற்குப் பிறகே கோலம். வெண்மேனியில் சிவப்பு மட்டும் இருந்தால் கோஹாக்கு. வெண்மேனியில் சிவப்போடு கறுப்புப் புள்ளிகளும் இருந்தால் சங்கே. கறுப்பு மேனியில் சிவப்பும் வெள்ளையும் ஓடினால் ஷோவா. பின்னிரண்டையும் புதியவர்கள் மாற்றிச் சொல்வதுண்டு. தலையில் கறுப்பு ஏறியிருந்தால் பெரும்பாலும் ஷோவாதான். வெள்ளை பால்போல இருக்க வேண்டும், மஞ்சள் பாய்ந்திருக்கக் கூடாது. சிவப்பு எங்கும் ஒரே அடர்த்தியில் இருந்து, அதன் பின்விளிம்பு வெட்டியதுபோல் முடிய வேண்டும். குஞ்சில் கண்ட கோலம் அப்படியே நிலைக்காது, ஷோவாவின் கறுப்பு வருடக்கணக்கில் இடம் மாறும். ஆகவே முதல் தடவை வாங்குவோர் பெருங்காசு கொடுத்துப் பெயர்பெற்ற குஞ்சு வாங்குவதைவிட, 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரையான, ஆரோக்கியமான, சாதாரண விலை மீன்களோடு தொடங்குவதே நல்லது.

துடுப்புகளை உடலோடு ஒட்டி வைத்திருப்பது, சுவரில் உரசுவது, தனியே அடியில் கிடப்பது, மேலே வந்து வாய் பிளப்பது, உடலில் புண் ஆகியவை நோயின் அறிகுறிகள். ஒரு தொட்டியில் ஒரு மீன் அப்படி இருந்தாலும் அத்தொட்டியில் எதையும் வாங்காதீர்கள். கோய் ஹேர்பிஸ் வைரசுக்கு மருந்தில்லை. தண்ணீர் ஏறத்தாழ 16 முதல் 28 பாகை செல்சியஸ் வரை இருக்கும்போதே அது வெளிப்படும். குளிர்காலத்தில் நலமாகத் தெரிந்த மீன் கோடையில் முழுத் தடாகத்தையும் அழித்துவிடலாம். எத்தனை வாரம், எத்தனை பாகை வெப்பத்தில் தனிமைப்படுத்தி வைத்திருந்தீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு கடை பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையைத் தடாகத்தில் இருபது நிமிடம் மிதக்க விட்டு, மீனை மட்டும் விடுங்கள். பைத் தண்ணீரை ஊற்ற வேண்டாம். குழாய்நீரின் குளோரினை முன்பே நீக்கியிருக்க வேண்டும். வடிகட்டியில் நல்ல பக்றீரியா பெருக ஆறு வாரமாவது எடுக்கும் என்பதால் முதலில் இரண்டு, மூன்று மீன் மட்டும் விட்டு, அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாக நிற்கிறதா என்று வாரம் இருமுறை சோதித்து வாருங்கள். தண்ணீர் 10 பாகைக்குக் கீழே இறங்கினால் தீனியை நிறுத்துங்கள். மேலே பனிக்கட்டி படிந்தால் உடைக்காதீர்கள், அதிர்ச்சி மீனைத் தாக்கும். சுடுநீர்ப் பாத்திரத்தை மேலே வைத்து ஒரு துவாரம் உருக்கிவிட்டாலே போதும்.