லிட்டருக்கு எத்தனை மில்லி? டெல்லியின் புகையும் எண்ணெய்க் கணக்கும்

எம்.சி. மேத்தா வழக்கில் 1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, டெல்லிப் பேருந்துகளை இயற்கை எரிவாயுவுக்கு மாற்றியதற்காகவே இன்றும் நினைவுகூரப்படுகிறது. அதே ஆணையில் அதிகம் பேசப்படாத இரு கூறுகள் உண்டு. அவ்வாண்டு டிசம்பர் 31க்குள் 2டி எண்ணெயை உதிரியாக விற்பது நிறுத்தப்பட வேண்டும் என்பது ஒன்று. எண்ணெயையும் பெட்ரோலையும் அளவாகக் கலந்து தரும் இயந்திரங்களை எல்லா பெட்ரோல் நிலையங்களிலும் நிறுவ வேண்டும் என்பது மற்றொன்று. பூரே லால் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரைகளை ஏற்றே நீதிமன்றம் இவ்வாறு பணித்தது. நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் மில்லிலிட்டர்க் கணக்கில் இறங்க நேர்ந்தது ஏன்?

விடை இருவீச்சு எஞ்சினின் அமைப்பில் இருக்கிறது. நால்வீச்சு எஞ்சினில் மசகெண்ணெய் தனியே சுழல்கிறது. இருவீச்சு எஞ்சினில் பெட்ரோல் கலவை கிராங்க் அறையின் வழியே செல்வதால் அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க இயலாது. எனவே எண்ணெய் எரிபொருளுடனேயே நுழைந்து, பேரிங்குகளையும் பிஸ்டனையும் நனைத்து, பாதி எரிந்தும் எரியாமலும் புகையாக வெளியேறுகிறது. 1:50 என்ற விகிதத்தில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. எண்ணெய் போதும். 1:20 என்றால் 50 மி.லி. தேவை.

கூடுதல் எண்ணெய் கூடுதல் பாதுகாப்பு என்பது பரவலான நம்பிக்கை. கார்புரேட்டரின் கணக்கு வேறு. ஜெட்டின் துளை மாறாதது. அதன் வழியே செல்லும் திரவத்தில் எண்ணெயின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறையும். 1:50 கலவையில் பெட்ரோல் 98 விழுக்காடு. 1:20 கலவையில் 95 விழுக்காட்டுக்குச் சற்று மேல். காற்றின் அளவு மாறாதிருக்க, பெட்ரோல் ஏறத்தாழ 3 விழுக்காடு குறைகிறது. அதாவது எண்ணெயைக் கூட்டினால் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். அதைச் சரிசெய்யப் பெரிய ஜெட் பொருத்தினால் பெட்ரோல் செலவும் புகையும் சேர்ந்தே உயரும். மிகுதியான எண்ணெய் ஸ்பார்க் பிளக்கிலும் வெளியேற்றத் துளையிலும் கரியாகப் படிந்து, இழுவையையும் குறைத்துவிடும்.

இவ்வளவு கேடு இருந்தும் ஓட்டுநர்கள் எண்ணெயைக் கூட்டியதை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். அன்றைய வருமானம் போவதோடு பழுதுச் செலவும் சேரும். இந்த இழப்பு ஓட்டுநருக்குரியது. எண்ணெய் மிகுந்தால் எழும் புகையோ நகரத்தார் அனைவருக்கும் உரியது. மேலும், உதிரியாகக் கிடைத்த எண்ணெயின் தரத்துக்கு உறுதி இல்லை. நம்பத்தகாத எண்ணெயைச் சற்று அதிகமாக ஊற்றுவது, இழப்பைத் தான் ஏற்க வேண்டியவரின் தற்காப்பே ஆகும். உதிரி விற்பனைத் தடையையும் கலவை இயந்திரத்தையும் ஒருசேரப் பார்க்க வேண்டியது இதனால்தான்: முன்னது தரத்தை உறுதிசெய்ய முயன்றது, பின்னது அளவை.

இச்சிக்கலுக்குத் தொழில்நுட்பத் தீர்வு ஏற்கெனவே இருந்தது. வேகத்துக்கேற்ப எண்ணெயைத் தனிப் பம்பு மூலம் செலுத்தும் ஆட்டோலூப் முறையை யமஹா நிறுவனம் 1964இலேயே அறிமுகப்படுத்தியது. 1985இல் இந்தியச் சாலைகளுக்கு வந்த ஆர்எக்ஸ் 100 வண்டியிலும் அது இருந்தது. ஆயினும் எண்ணெயை அளந்து ஊற்றும் பொறுப்பு, நெடுங்காலம் இங்கே பெட்ரோல் நிலையப் பணியாளரின் கையிலும் ஓட்டுநரின் அச்சத்திலுமே விடப்பட்டிருந்தது.

சூழலியல் வரலாற்றை எழுதும்போது ஆணைகளையும் தீர்ப்புகளையும் மட்டும் வாசிப்பது போதாது. ஒரு துளை, ஒரு விகிதம், ஒரு அளவுக் குவளை ஆகியவற்றையும் வாசித்தாக வேண்டும். அளக்கும் பொறுப்பு யாருக்கு, அளவு பிழைத்தால் இழப்பு யாருக்கு என்ற கேள்விகளைச் சேர்த்தே கேட்டால்தான், டெல்லியின் புகைக்கு ஆட்டோ ஓட்டுநரை மட்டும் குற்றவாளியாக்கும் எளிய கதையிலிருந்து நாம் விலக முடியும்.