ஸ்பானிய மூதாதையர் தேடலும் குடும்பப் பெயர்களும்

ஸ்பெயினிலும் அதன் முன்னாள் குடியேற்ற நாடுகளிலும் வாழ்ந்த முன்னோரைத் தேவாலயப் பதிவேடுகள், குடிமைப் பதிவுகள், அரசு ஆவணங்கள் ஆகியவற்றின் வழியே தலைமுறை தலைமுறையாகக் கண்டறிவது ஸ்பானிய வம்சாவளி ஆய்வு. ஒரே குடும்பப் பெயர் உறவே இல்லாத பல குடும்பங்களுக்கு இருப்பதால், பெயரோடு சொந்த ஊரும் தெரிந்தால்தான் தேடல் முன்னேறும்.

இரட்டைப் பெயர் முறை

ஸ்பானியர்களுக்குப் பொதுவாக இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. மரபுப்படி முதலில் தந்தையின் பெயரும் அடுத்து தாயின் பெயரும் வரும். கொலம்பிய எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்வெஸின் பெயரில் கார்சியா தந்தை வழி, மார்க்வெஸ் தாய் வழி. திருமணத்துக்குப் பிறகும் பெண்கள் தம் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. தாய்வழி முன்னோரையும் தேடிச் செல்ல இது பெரிதும் உதவுகிறது.

1871இல் குடிமைப் பதிவு நடைமுறைக்கு வந்தபின் இம்முறை உறுதிப்பட்டது. அதற்கு முன், குறிப்பாக 16, 17ஆம் நூற்றாண்டுகளில், பாட்டியின் பெயரையோ வேறு உறவினரின் பெயரையோ சூடுவது சாதாரணம். உடன்பிறந்தவர்களே வெவ்வேறு பெயர்களில் வாழ்ந்தனர். எழுத்தாளர் செர்வாண்டிஸ் பின்னாளில் சேர்த்துக்கொண்ட ‘சாவெத்ரா’ அவருடைய தாயின் பெயர் அல்ல. தாயின் பெயர் கொர்தினாஸ்.

பெயர்களின் தோற்றம்

- தந்தை பெயர் வழி: ‘எஸ்’ என்ற ஈறு ‘மகன்’ எனப் பொருள் தரும். பெர்னாண்டோவின் மகன் பெர்னாண்டெஸ். சாஞ்சோவின் மகன் சாஞ்செஸ். பெத்ரோவின் மகன் பெரெஸ்.
- இடம்: நவார்ரோ, தொலேதோ, தோர்ரெஸ் (கோபுரங்கள்). பாஸ்க் மொழியின் எச்செவெர்ரியா ‘புது வீடு’ என்று பொருள்படும்.
- தொழில்: எர்ரெரோ (கொல்லர்), பாஸ்தோர் (மேய்ப்பர்), காட்டலான் மொழியின் பெர்ரெர் (கொல்லர்).
- உடல் தோற்றம்: ரூபியோ (பொன்னிறமானவர்), தெல்காதோ (மெலிந்தவர்).
- கைவிடப்பட்ட குழந்தைகள்: இவர்கள் பலருக்கு ‘எக்ஸ்போசிதோ’ என்று பெயரிடப்பட்டது. இப்பெயர் வந்ததும் பெற்றோரைத் தேடும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

கிறித்தவத்துக்கு மாறிய யூதர்கள் சமூகத்தில் பரவலாக இருந்த பெயர்களையே ஏற்றனர். ஆகவே பெயரை மட்டும் கொண்டு ஒருவரின் யூத மரபை உறுதிப்படுத்த முடியாது. குலச்சின்னங்களும் குறிப்பிட்ட மனிதர்களுக்கும் குடும்பங்களுக்கும் உரியவை. அந்தப் பெயர் கொண்ட எல்லாருக்கும் உரியவை அல்ல.

ஆவணங்கள்

1563இல் முடிவுற்ற திரெந்து பொதுச்சங்கம் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளைக் கட்டாயமாக்கியது. சில பங்குத் தேவாலயங்களில் அதற்கு முந்தைய ஏடுகளும் உண்டு. பிற்காலத் திருமுழுக்குப் பதிவுகள் பலவற்றில் இருபுறத் தாத்தா பாட்டிகளின் பெயரும் ஊரும் இருக்கும். இத்தகைய ஒரே பதிவிலிருந்து இரண்டு தலைமுறை பின்னோக்கிப் போகலாம். 1936–39 உள்நாட்டுப் போரில் ஏராளமான பங்கு ஏடுகள் எரிந்தன. அவ்வூர்களில் உயில்கள், நிலப் பத்திரங்கள், குடிமைப் பதிவுகள் ஆகியவையே துணை.

செவில் நகரில் 1785இல் நிறுவப்பட்ட இந்தியத் தீவுகள் ஆவணக் காப்பகம், அமெரிக்காவுக்குக் கப்பலேறியோரின் அனுமதி ஆவணங்களைக் காத்துவருகிறது. உயர்குடி உரிமை கோரிய வழக்குகள் வல்லாதோலித், கிரனாதா உயர்நீதிமன்றக் காப்பகங்களில் உள்ளன.

ஓர் எடுத்துக்காட்டு: வெலாஸ்கெஸ்

ஓவியர் தியேகோ வெலாஸ்கெஸ் 1599 ஜூன் 6 அன்று செவிலில் திருமுழுக்குப் பெற்றார். தந்தை ஹுவான் ரொத்ரிகெஸ் தெ சில்வா. தாய் ஹெரோனிமா வெலாஸ்கெஸ். உலகம் அவரை அறிவது தாயின் பெயரால். தந்தைவழியினர் போர்த்துக்கலிலிருந்து வந்தவர்கள். 1658இல் சந்தியாகோ வீரர் குழுவில் அவரைச் சேர்க்க மன்னர் நான்காம் பிலிப் விரும்பியபோது, நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகளிடம் அவருடைய முன்னோர் பற்றி விசாரித்தார்கள். சேர்வதற்குத் தேவையான உயர்குடிப் பிறப்பு மெய்ப்பிக்கப்படவில்லை. திருத்தந்தையின் விலக்கு பெற்று 1659இல் அவர் சேர்க்கப்பட்டார். மத்ரித் தேசிய வரலாற்றுக் காப்பகத்தில் உள்ள அந்தக் கோப்பில், சாதாரண ஏடுகளில் கிடைக்காத குடும்பச் செய்திகள் நிறைந்துள்ளன.

ஸ்பெயினுக்கு வெளியே

பிலிப்பைன்சில் 1849இல் ஆளுநர் நர்சிசோ கிளவெரியா பெயர்ப் பட்டியல் ஒன்றை வெளியிட்டு, அதிலிருந்து குடும்பங்களுக்குப் பெயர்களை வழங்க ஆணையிட்டார். எனவே அங்கு ஸ்பானியப் பெயர் இருப்பது ஸ்பானிய வம்சத்துக்குச் சான்றாகாது.

இன்றைய சட்டம்

ஸ்பெயினில் 1999 முதல் பெற்றோர் ஒத்துப்போனால் தாயின் பெயரை முதலில் வைக்கலாம். தந்தை பெயருக்கு இருந்த முன்னுரிமை 2017இல் முற்றிலும் நீங்கியது. இனிவரும் ஆய்வாளர்கள் முதல் குடும்பப் பெயர் தந்தைவழி என்று எண்ணிவிடாமல், ஒவ்வொரு பிறப்புப் பதிவையும் பார்த்தே அடுத்த தலைமுறைக்குச் செல்ல வேண்டும்.