போய் வந்தவள்

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் பதினொரு கரிக்கோடுகள் இருக்கின்றன. பேரப்பிள்ளைகளின் உயரம் அளந்த கோடுகள் என்றுதான் வருகிறவர்கள் நினைப்பார்கள். அவை என் இடது கையின் கோடுகள். 2007 இல் மார்பை எடுத்த பிறகு, விரல்களை நண்டு மாதிரிச் சுவரில் ஊர விட்டு, எட்டிய இடத்தில் ஒரு கோடு. முதற்கோடு என் நாடிக்கு நேரே நிற்கிறது, கடைசிக்கோடு கதவு நிலைக்கு மேலே. கீறியவ வேலணை அக்கா. கரித்துண்டோடு பக்கத்தில் நின்று, "இன்னும் ஒரு விரல், பிள்ளை, ஒரேயொரு விரல்" என்பா.

நான் நெடுந்தீவில் முப்பது வருடம் சரித்திரம் படிப்பித்தவள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எங்கள் கடலில் என்ன செய்தார்கள் என்று பிள்ளைகளுக்கு ஆண்டு வாரியாகப் பாடமாக்கிக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கோடுகளுக்கும் ஒரு சரித்திரம் இருக்கும் என்று தோன்றியது ஓய்வு பெற்ற பிறகுதான்.

தீவுச் சனம் வருத்தக்காரரைத் தனியே கடல் கடக்க விடாது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு லோஞ்சில் ஒரு மணித்தியாலம். அங்கே பஸ் ஏறினால் புங்குடுதீவு, வாணர் தாம்போதி, வேலணை, பண்ணை, பிறகுதான் யாழ்ப்பாணம். சோளகம் அடிக்கும் மாதங்களில் லோஞ்சு ஓடுமா என்பதே கேள்வி. பிள்ளைப்பேறோ, கண் பார்வையோ, எது என்றாலும் சீலைப் பையோடு ஒரு பெண் கூட வருவாள். துணைக்கு வாறது என்று பெயர். அவள் சொந்தக்காரியாக இருக்க வேண்டும் என்று இல்லை. முன்னர் ஒருதரம் போய் வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எந்த வாசலால் போவது, எங்கே துண்டு எடுப்பது, எந்த மரத்தின் கீழ் இருந்து சாப்பிடுவது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். தீவில் படித்தவளை விடப் போய் வந்தவளுக்கு மதிப்பு.

இந்த வழக்கத்துக்கு வயது கூட. அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816 இல். டொக்டர் சாமுவேல் கிறீன் 1847 இல் வந்தார். மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். சத்திரசிகிச்சையைச் சொல்லும் 'இரண வைத்தியம்' என்ற புத்தகம் 1867 இல் தமிழில் அச்சாகிவிட்டது. ஆனால் கிறீனிடம் படித்தவர்கள் ஆண்கள். நெஞ்சில் கட்டி கண்ட பெண் அவர்களுக்கு முன்னால் சட்டை கழற்றுவாளா? இணுவிலில் பெண்களுக்கென்று மக்லியொட் ஆஸ்பத்திரி எழும்பியது 1898 இல். என் அம்மம்மா சிக்கலான பிள்ளைப்பேறு ஒன்றுக்கு அங்கே போனவ. கூடப் போனது பக்கத்து வளவு மனிசி. மூன்று கல் வைத்து, வெளியில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாவாம். அம்மம்மா டொக்டரின் பெயரை மறந்துபோனா. கஞ்சி காய்ச்சியவவின் பெயரைச் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தா.

பிள்ளைப்பேற்றுக்குப் போய் வந்தவர்கள் ஊருக்குள் ஏராளம். உந்த வருத்தத்துக்குப் போய் வந்தவர்கள் அப்போது இல்லை. 'உந்த வருத்தம்' என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். புற்று என்ற சொல் வாயில் வராது. பயம் ஒரு காரணம். எனக்குத் தெரிந்த மட்டில் நயினாதீவும் ஒரு காரணம். நாகபூசணி அம்மன் இருக்கும் கடலில் புற்று என்றால் நாகம் குடியிருக்கும் இடம், பால் வார்த்துக் கும்பிடும் இடம். கும்பிடுகிற சொல்லை நெஞ்சில் வளரும் கட்டிக்கு வைக்க எங்கள் பெண்களுக்கு மனம் வரவில்லை. 1960களில் என் அம்மாவின் சின்னம்மா அரைத்த மஞ்சளை வைத்துக் கட்டி, மேலே இரண்டு சட்டை போட்டு ஒளித்தே செத்துப்போனா. மணம் வந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரியும். அவவுக்கு முன்னால் போய் வந்தவள் ஒருத்தியும் இருக்கவில்லை.

பிறகு போர். 1985 மே 15 ஆம் திகதி, குறிகட்டுவானுக்குப் போன 'குமுதினி'ப் படகை நடுக்கடலில் மறித்து, குழந்தைகள் பெண்கள் என்று பாராமல் வெட்டிக் கொன்றார்கள். அதற்குப் பிறகு கட்டியை விடக் கடலுக்குப் பயந்தவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதிக்குள் இறங்கியது. வேலணை அக்கா அப்போது வெளிக்கிட்டு வலிகாமத்தில் இருந்தா. 1995 ஒக்டோபர் 30 இரவு முழு யாழ்ப்பாணமும் தென்மராட்சிக்கு நடந்தபோது அவவும் நடந்தா. கொடிகாமத்தில் ஒரு கொட்டிலில் கிடுகு மறைப்புக்குள் குளிக்கும்போது, வலது மார்பில் புளியங்கொட்டை அளவில் ஏதோ கையில் பட்டதாம். "சனம் சாகிற நேரம் உதை ஆரிட்டைச் சொல்லுறது?" என்று இரண்டு வருடம் வைத்திருந்தா.

1997 இல் யாழ்ப்பாணத்தில் மார்பை எடுத்தார்கள். மிச்சச் சிகிச்சைக்கு மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி என்று எழுதிக் கொடுத்தார்கள். தரைப்பாதை பூட்டு. கப்பலில் திருகோணமலை, அங்கேயிருந்து பஸ். அக்காவுக்குச் சிங்களத்தில் ஒரு சொல்லும் தெரியாது. வார்ட்டில் பக்கத்துக் கட்டிலில் மாத்தறைப் பெண் ஒருத்தி, அவவுக்கும் அதே வருத்தம். முதல் நாள் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தார்களாம். இரண்டாம் நாள் மாத்தறைக்காரி எழும்பி வந்து, அக்காவின் கையைப் பிடித்துச் சுவரில் வைத்து, விரல்களை மேலே ஊர விட்டுக் காட்டினாவாம். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. அக்கா என்ற சொல் இரண்டு பாசைக்கும் பொது. மாத்தறைக்காரி வயதில் மூத்தவ, ஆனபடியால் அவ அக்கா, இவ நங்கி. அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ஆறு கிழமை கதைத்தார்கள். வடக்கில் மாத்தறைக்காரியின் இனத்துப் பொடியள் துவக்கோடு நின்றார்கள். அவவின் மகனும் அங்கே எங்கேயோ நின்றானாம். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்தப் பென்சில் கோடுதான் பத்து வருடம் கழித்து என் அடுப்படிச் சுவரில் கரிக்கோடாக வந்தது.

என் கதைக்கு வருகிறேன். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை திரும்பவும் பூட்டியாயிற்று. அடுத்த வருடம் எனக்குக் கட்டி. பரிசோதனைத் துண்டு வந்த அன்று டொக்டர் என்னை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு என் மனிசனிடம் கதைத்தார். இவர் வெளியில் வந்து "ஒண்டுமில்லை" என்றார். முப்பது வருடம் பிள்ளைகளின் பொய்களைக் கேட்டவளுக்கு அந்தப் பொய் விளங்காதா? வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நான் சமைக்கவில்லை. எங்கள் குடும்பநல மாது வேலணைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறா. மூன்றாம் நாள் முதல் லோஞ்சில் முன்பின் தெரியாத ஒரு மனிசி வந்து இறங்கினா. தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சட்டையின் மூன்று கொக்கியைக் கழற்றினா. தையல் வடு கமக்கட்டு வரைக்கும் வெள்ளையாக ஓடியிருந்தது.

"பார், பிள்ளை. பத்து வருசம். நேற்றும் தோட்டத்துக்கு இறைச்சனான்."

எந்த டொக்டரும் எனக்குச் சொல்லாததை அந்த வடு சொன்னது.

பிறகு ஒருநாள் வாசித்தேன்: நியூயோர்க்கில் 1952 இல் டெரீஸ் லாசர் என்ற பெண்ணுக்கு மார்பை எடுத்தார்கள். இனி எப்படி வாழ்வது என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. அவர் தானே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், புதிதாகச் சத்திரசிகிச்சை செய்த பெண்களைப் பார்க்கத் தொடங்கினார். கையில் ஒரு றப்பர் பந்து, ஒரு கயிறு, சட்டைக்குள் வைக்க ஒரு பொய் மார்பு. வைத்தியர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. 1969 இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அந்த வேலையைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வேலணை அக்காவின் சீலைப் பையிலும் ஏறக்குறைய அதே சாமான்கள்தான்.

பந்துக்குப் பதில் ஒரு தேசிக்காய், பிடித்துப் பிடித்து விட. கயிறு கிணற்றடியிலேயே இருந்தது. ஆனால் வாளியைக் கட்டி இழுக்க விட மாட்டா, வெறுங்கயிற்றை வளைக்கு மேலால் போட்டு இழுக்கச் சொல்லுவா. கமக்கட்டுக் கழலைகளையும் எடுத்துவிட்டால் கை வீங்கலாம். வீங்கினால் பிறகு வாழ்நாள் முழுக்கப் பாரம். அந்தக் கையில் ஊசி போடவோ பிறசர் பார்க்கவோ விடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். தீவில் அந்த ஒரு வரியின் அர்த்தம் வேறு: தண்ணீர் அள்ளக்கூடாது, உரல் இடிக்கக்கூடாது, கடகம் தூக்கக்கூடாது. அப்படியென்றால் எங்கள் பெண்ணுக்கு மிச்சம் என்ன வேலை? ஆகவே முறை வைத்தோம். எனக்கு மருந்து ஏற்றிய ஆறு மாதமும் பக்கத்து வளவு மருமகள் இரண்டு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு அவளின் பிள்ளைகளுக்கு நான் பாடம் சொல்லிக் கொடுத்தேன். ஒருவரும் நன்றி சொல்லவில்லை. கணக்கு மட்டும் சரியாக இருந்தது.

பொய் மார்பும் அக்காவின் கைவேலைதான். பழைய பருத்திச் சீலையில் பை தைத்து, இலவம்பஞ்சு அடைத்து, பாரத்துக்கு நடுவில் ஒரு பிடி குரக்கன். பாரம் இல்லாவிட்டால் சட்டை ஒரு பக்கம் ஏறிவிடும். ஒருநாள் அதைத் தோய்த்துக் கல்வேலியில் காயப் போட்டேன். பின்னேரம் பார்த்தால் கோழி கொத்திக் கிழித்து, குரக்கனை முற்றம் முழுக்க இறைத்திருக்கிறது. அக்காவுக்குச் சொன்னேன். "கோழிக்குத் தெரியுது ஆரிட்டைப் பால் இருக்கெண்டு" என்றா. தையல் நோக நோகச் சிரித்தோம். வருத்தம் வந்த பிறகு நான் சிரித்த முதற்சிரிப்பு அது.

மருந்து ஏற்றுவது இருபத்தொரு நாளுக்கு ஒருதரம். கடல் இருபத்தொரு நாள் கணக்குப் பார்க்காது. காற்று எழும்பும் என்று கண்டால் இரண்டு நாள் முந்தியே போய், யாழ்ப்பாணத்தில் யாரோ ஒருவரின் விறாந்தையில் படுப்போம். அக்காவுக்கு அப்படி நாலு விறாந்தை தெரியும். எல்லாம் போய் வந்தவர்களின் வீடுகள். வயிற்றைப் பிரட்டும்போது என்ன தின்னலாம் என்பது அந்த வீடுகளுக்குத் தெரியும்: ஆறின கஞ்சி, தேசிக்காய் ஊறுகாய், மணம் இல்லாத எதுவும். மீன் பொரித்தால் வாசலிலேயே திரும்பிப் போகலாம் போல இருக்கும். அன்றைக்கு அந்த வீட்டில் மீன் பொரிக்க மாட்டார்கள். மயிர் கொட்டும் என்று முன்கூட்டியே சொல்லி, கொட்ட முந்தியே அக்கா என் கொண்டையைக் கத்தரித்து என் கையில் தந்தா. "தானாப் போறதை விட நாங்களாக் குடுக்கிறது நல்லது."

போர் முடிந்தது. 2011 ஜூலையில் தெற்கு முனையான தேவேந்திரமுனையிலிருந்து வடக்கு முனையான பருத்தித்துறை வரைக்கும், ஏறக்குறைய 670 கிலோமீற்றர், 27 நாள் சனம் நடந்தது. தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கட்டக் காசு சேர்க்கும் நடை. தேவேந்திரமுனை மாத்தறை மாவட்டம். செய்தியைக் கேட்டதும் அக்கா, "என்ரை மனிசியின்ரை ஊரிலையிருந்தெல்லோ வருகினம்" என்று எழும்பிவிட்டா. பண்ணையால் பஸ் பிடித்துப் போய் வீதியோரம் நின்று, வருகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தா. அந்த மனிசி வரவில்லை. உயிரோடு இருக்கிறாவோ என்பதும் தெரியாது. தண்ணீர்ப் போத்தல்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தா. 2013 இல் ஆஸ்பத்திரி திறந்தது. மகரகமவுக்குப் போன கப்பலும் பஸ்ஸும் எங்கள் பெண்கள் பலருக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கே.கே.எஸ். வீதியில் போகும் ஒரு பஸ்ஸாகச் சுருங்கியது.

ஆஸ்பத்திரி கிட்ட வந்துவிட்டது, பயம் கிட்ட வரவில்லை. 1996 இலிருந்து நாட்டில் வெல் வுமன் கிளினிக் நடக்கிறது. முப்பத்தைந்து வயதுக்கு மேல் போய்க் காட்டலாம், காசு இல்லை. காட்டச் சொல்லும் சுவரொட்டியும் ஜெற்றியில் ஒட்டியிருக்கிறது. சுவரொட்டியைப் பார்த்து ஒருத்தியும் போனதை நான் காணவில்லை. போய் வந்த ஒருத்தி முற்றத்தில் இருந்து கதைத்தால் போவார்கள்.

நயினாதீவில் கோயிலுக்குப் பக்கத்து அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் நயினாதீவுதான் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அந்தக் கதையில் நான் வகுப்பில் சொல்லாமல் விட்ட ஒரு இடம் உண்டு. பாத்திரம் கையில் இருந்தும், முதற்பிச்சையை எந்த வீட்டில் ஏற்பது என்று மணிமேகலைக்குத் தெரியவில்லை. ஆதிரை வீட்டுக்குப் போ என்று வழி சொல்பவள் காயசண்டிகை. எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ என்ற நோயோடு அலைகிறவள். வருத்தக்காரிதான் வாசலைக் காட்டுகிறாள்.

அக்காவுக்கு 2018 இல் எலும்பில் திரும்பி வந்தது. கடைசி மாதம் நாங்கள் ஐந்து பேர் முறை வைத்து வேலணையில் நின்றோம். சாகிறதுக்கு இரண்டு நாள் முன்னால், "உதுக்குப் போய் வந்தவள் ஒருத்தியும் இல்லை, பிள்ளை. அதுதான் கொஞ்சம் பயமாக் கிடக்கு" என்றா. நான் பதில் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவ எனக்குக் கற்றுத் தந்தவற்றில் அதுவும் ஒன்று.

போன மாதம் அந்த அமுதசுரபி மண்டபத்தில் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் ஒரு பிள்ளை என் பக்கத்தில் நின்றாள். முப்பத்தெட்டு வயது, நயினாதீவு. "ரீச்சர், உங்களுக்கு உந்த வருத்தம் வந்ததாம்?" என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். தெல்லிப்பழைக்கு வரும் புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம். புருசன் வெளிநாட்டில், மாமியாருக்குச் சொல்லவில்லை.

நான் செவ்வாய் பின்னேரமே வந்து உன்னோடு தங்குகிறேன், புதன் முதல் லோஞ்சில் போவோம் என்றேன். முன்னுக்குக் கொக்கி உள்ள சட்டை போடு. பழைய துண்டுகள் எல்லாம் கொண்டு வா. சோறு கட்டாதே, அங்கே வாங்கலாம். தண்ணீர் கட்டாயம். கடைசி லோஞ்சு தவறினால் படுக்க எனக்கு ஒரு விறாந்தை தெரியும்.

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு, யாழ்ப்பாணத்தில் ஒருவரும் 'போறன்' என்று சொல்லாத மாதிரியே, "அப்ப நான் போட்டு வாறன், ரீச்சர்" என்றாள்.

"ஓம், போட்டு வா" என்றேன்.