ஒரே பிரிவு, இரு கரைகள்: கருக்கலைப்புச் சட்டமும் மதத்தின் குரலும்

கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டைக்கு அருகே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. 1990-இல் போருக்குத் தப்பிக் கடல் கடந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். 2021 வரை அதற்கு ‘அகதிகள் முகாம்’ என்று பெயர். இப்போது ‘மறுவாழ்வு முகாம்’. அந்த முகாமில் இருக்கும் ஒரு பெண் கருவைக் கலைக்க நேர்ந்தால் அரசு மருத்துவமனைக்குப் போகச் சட்டம் வழிவிடுகிறது. மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் அவள் தங்கைக்கு அந்த வழி இல்லை. தாயின் உயிரைக் காப்பாற்ற என்றால் மட்டுமே அங்கே கருக்கலைப்பு குற்றமாகாது. ஒரே வேரில் கிளைத்த இரு சட்டங்கள் இப்படிப் பிரிந்தது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அந்த வேர் 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 312-ஆம் பிரிவு. தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு அல்லாமல் கருவைக் கலைப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை. கருவில் உயிர்த்துடிப்பு தெரிந்த பிறகு என்றால் ஏழாண்டு வரை. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளியே. 1883-இல் இலங்கைக்குத் தண்டனைச் சட்டம் எழுதியபோது இதையே மாதிரியாகக் கொண்டார்கள். அங்கே அது 303-ஆம் பிரிவு ஆனது. வேடிக்கை என்னவென்றால், 1837-இல் முதல் வரைவைத் தந்த மெக்காலேயின் ஆணையமே இந்தப் பிரிவை அரைமனதோடுதான் சேர்த்தது. குடும்ப மானத்தின் மேல் பழி சுமத்தி மிரட்ட அயோக்கியர்களுக்கு இது ஆயுதமாகிவிடும் என்று அது தன் குறிப்பிலேயே அஞ்சியிருக்கிறது.

கருவைச் சிதைப்பது பாவம் என்ற எண்ணத்தை ஆங்கிலேயர் கொண்டுவரவில்லை. தரும சாத்திரங்கள் அதைக் கொடும்பாவங்களின் வரிசையில் வைத்தன. புறநானூற்றின் 34-ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழாரும் அதைக் கடும் பாவங்களுள் ஒன்றாக எண்ணுகிறார். ஆனால் அதற்குக் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவனுக்குத்தான் உய்வில்லை என்பது அவர் கணக்கு. பாவத்துக்குப் பரிகாரம் சொன்ன மரபு வேறு, சிறைத்தண்டனை விதித்த சட்டம் வேறு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ‘நம் பண்பாடு கருக்கலைப்பை ஏற்றதில்லை’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது வரலாறாகாது.

தமிழகத்தில் இந்த விவாதத்தின் முன்னுரை கர்ப்பத்தடையில் தொடங்கியது. 1928-இல் சென்னையில் புதிய மால்தூசியச் சங்கம் அமைந்தது. உயர்நீதிமன்ற நீதிபதி வேப்பா ராமேசம் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். மக்கள்தொகையும் வறுமையும் அவர்கள் கவலை. பெரியார் ‘குடி அரசு’ இதழில் அவர்களிடமிருந்து விலகி நின்றார். மற்றவர்கள் பெண்ணின் உடல்நலத்தையும் நாட்டின் பொருளாதாரத்தையும் சொல்கிறார்கள், நாங்கள் பெண் விடுதலை பெற வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம் என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் பேசியது கர்ப்பத்தடையைப் பற்றி, கருக்கலைப்பைப் பற்றியல்ல. ஆயினும் பெண்ணின் உடல் மீதான முடிவு பெண்ணுடையது என்ற நியாயம் தமிழில் அப்போதே அச்சேறிவிட்டது. தில்லியில் சட்டம் எழுதியவர்கள் அந்த நியாயத்தைத் தொடவில்லை.

1964-இல் மகாராஷ்டிரத்தின் சாந்திலால் ஷா தலைமையில் கருக்கலைப்பு பற்றி ஆராய மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. 1966 டிசம்பரில் அறிக்கை வந்தது. 1969-இல் மாநிலங்களவைக்கு மசோதா வந்தது. அந்த ஆண்டுகளில் சுகாதாரத் துறை அமைச்சராக இருந்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த மக்கள்தொகை ஆய்வாளர் எஸ். சந்திரசேகர். மசோதாவின் நோக்கவுரையில் மூன்று காரணங்கள் உண்டு: உடல்நலம், மனிதாபிமானம், குறையுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு. மக்கள்தொகை என்ற பேச்சே இல்லை! அதை முன்வைத்தால் வேறொரு சண்டை மூண்டிருக்கும். 1971-இல் நிறைவேறிய மருத்துவமுறைக் கருக்கலைப்புச் சட்டம் 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

போப் ஆறாம் பவுல் செயற்கைக் கருத்தடையைக் கண்டித்து 1968-இல் விடுத்த சுற்றுமடல் அப்போது புதிது. இந்தியக் கத்தோலிக்கத் திருச்சபையும் கருக்கலைப்பை ஏற்கவில்லை. இருந்தும் மசோதா நின்றுவிடவில்லை. கத்தோலிக்கர் தொகை சிறிது; இந்து சமயத்தில் சாத்திரம் உண்டே தவிர, நாடாளுமன்றத்தின் முன் ஒரே குரலில் பேசும் பீடம் இல்லை. இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது ஒன்றுண்டு. சட்டம் கேள்வியைப் பெண்ணிடமும் விடவில்லை, குருமாரிடமும் விடவில்லை, மருத்துவரிடம் ஒப்படைத்தது. 12 வாரம் வரை ஒரு மருத்துவர், 20 வாரம் வரை இருவர் நல்லெண்ணத்தோடு கருத்துச் சொன்னால் போதும் என்று அன்றைய சட்டம் வகுத்தது. ஒழுக்க வாதமாக வந்திருக்க வேண்டியது மருத்துவ நிர்வாகமாக மாறியது.

இலங்கையில் நேர்மாறு. 1995-இல் தண்டனைச் சட்டத் திருத்தத்தோடு கருக்கலைப்புத் தளர்வும் நாடாளுமன்றத்துக்கு வந்தது. எதிர்ப்பால் அந்தப் பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை நிறைவேற்றினார்கள். 2017-இல் பாலியல் வல்லுறவு, பிழைக்கவியலாத கருக் குறைபாடு போன்ற நிலைகளுக்கு மட்டும் விலக்கு தரும் யோசனை எழுந்தபோது கத்தோலிக்க ஆயர் பேரவை வெளிப்படையாக எதிர்த்தது; யோசனை கிடப்பில் போனது. கத்தோலிக்கர் அங்கேயும் சிறுபான்மையினர்தான். ஆக, எண்ணிக்கை மட்டும் காரணமாகாது.

மதத்தின் குரல் சட்டத்துக்குள் நேராக நுழைந்தால் என்னாகும் என்பதைக் கர்நாடகத்தின் பெலகாவியிலிருந்து அயர்லாந்து போன பல்மருத்துவர் சவிதா ஹலப்பனவரின் மரணம் காட்டியது. 2012 அக்டோபரில் கால்வே மருத்துவமனையில் கருச்சிதைவு தொடங்கியும், கருவின் இதயத்துடிப்பு நிற்காததால் கலைக்க மறுத்தார்கள். நச்சுக் குருதியால் அவர் இறந்தார். 2018 மே மாதம் அயர்லாந்தில் நடந்த வாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் கருக்கலைப்புத் தடையை நீக்க வாக்களித்தனர்.

அயர்லாந்தைப் போல மதத்தின் குரல் நேராக நுழையாததால் இந்தியச் சட்டத்தில் மதம் இல்லை என்று பொருளா? எழுத்தளவில் இல்லைதான். தனியார் மருத்துவமனைக்கு அனுமதி தரும் அதிகாரம் 2002 திருத்தத்துக்குப் பின் மாவட்டக் குழுவிடம் வந்தது. கும்மிடிப்பூண்டி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்துக்கும் அப்படியொரு குழுதான். ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைக்கோ, உருக்காலைக்கு வந்த கணவனோடோ இங்கே வந்த பெண்ணுக்குச் சட்டம் கேட்பது அவளுடைய சம்மதம் ஒன்றையே. பதினெட்டு வயது நிரம்பியவளுக்குக் கணவன் கையெழுத்து தேவையில்லை. ஆனால் ‘வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா’ என்று திருப்பி அனுப்பும் வழக்கம் நாடெங்கும் உள்ளதே. சட்டப் புத்தகத்தில் இடம் கிடைக்காத குடும்ப மானமும் பாவ அச்சமும் மருத்துவமனைக் கவுண்டரில் இடம் பிடித்துக்கொண்டன. சந்திரசேகர் காலத்துச் சமரசத்துக்குக் கொடுத்த விலை இது. மருத்துவரிடம் அனுமதி கேட்கும் ஏற்பாட்டில் அந்த மருத்துவரின் நம்பிக்கையும் சேர்ந்தே வரும்.

உரிமை என்ற பேச்சு நீதிமன்றம் வழியாகத்தான் வந்தது. 2009-இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில் குழந்தை பெறுவதா வேண்டாமா என்பது பெண்ணின் தனிமனித உரிமையில் அடங்கும் என்றது உச்சநீதிமன்றம். 2021 திருத்தம் சில வகைப் பெண்களுக்கு வரம்பை 24 வாரமாக்கியது. ‘கணவன்’ இருந்த இடத்தில் ‘துணைவர்’ வந்தார். 2022 செப்டம்பர் 29-இல் மணமாகாத பெண்ணுக்கும் அதே உரிமை உண்டு என்று தீர்ப்பாயிற்று. அடுத்த ஆண்டே, 26 வாரக் கருவுற்ற மணமான பெண்ணின் மனு தள்ளுபடியானது. கருவின் இதயத்துடிப்பை நிறுத்தச் சொல்லலாமா என்ற கேள்வி அந்த விசாரணையில் எழுந்தது. கால்வேயில் கேட்ட கேள்விக்கும் இதற்கும் இடைவெளி எவ்வளவு என்பதை ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. 312-ஆம் பிரிவு 88-ஆம் பிரிவாயிற்று. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண் குற்றவாளி என்ற விளக்கமும் அதோடு இடம் மாறி வந்து சேர்ந்திருக்கிறது.