பிரிட்டனியின் ஆன்

'டச்சஸ்' என்றதும் டியூக் ஒருவரின் மனைவி என்றே நாம் பொருள்கொள்கிறோம். பெரும்பாலும் அது சரியே. படைத்தலைவனைக் குறிக்கும் 'டக்ஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது டியூக் பட்டம். அதன் பெண்பால் வடிவம் பலருக்கும் திருமணத்தின் வழியாகவே வாய்த்தது. தந்தைவழி உரிமையால் அப்பட்டத்தை ஏற்றவர்கள் மிகச் சிலர். அவர்களுள் ஒருவர் பிரிட்டனியின் ஆன்.

இன்று பிரான்சின் வடமேற்கில் உள்ள தீபகற்பம் பிரிட்டனி. பதினைந்தாம் நூற்றாண்டில் அது தனக்கென நாணயமும் படையும் கொண்ட சிற்றரசு. அதன் டியூக் இரண்டாம் பிரான்சிஸுக்குப் பட்டத்துக்குரிய ஆண் மக்கள் இல்லை. ஆகவே 1486இல் நாட்டு மன்றத்தைக் கூட்டித் தம் மகள்களை வாரிசுகளாக ஏற்கச் செய்தார். 1488இல் பிரெஞ்சுப் படையிடம் தோற்று, பிரெஞ்சு அரசரின் இசைவின்றி மகள்களை மணம்செய்து கொடுப்பதில்லை என்ற உடன்படிக்கைக்கு இணங்கினார். சில வாரங்களில் இறந்தும் போனார். டச்சஸ் பட்டம் ஏற்றபோது ஆனுக்கு வயது 11.

1490இல் ஹாப்ஸ்பர்க் மரபின் மாக்சிமிலியனைப் பதிலாள் வழியே ஆன் மணந்தார். பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்ல்ஸ் இதைப் பொறுக்கவில்லை. ரென் நகரம் முற்றுகைக்கு உள்ளாயிற்று. 1491 டிசம்பரில் சார்ல்ஸையே ஆன் மணக்க நேர்ந்தது. அவர் ஆண் வாரிசின்றி இறந்தால் அடுத்த அரசரை மணக்கவேண்டும் என்பது திருமண ஒப்பந்தத்தின் விதி. மணமகளோடு நாடும் கைமாறிவிடக் கூடாதல்லவா!

1498இல் சார்ல்ஸ் இறந்தார். ஆன் பிரிட்டனியின் ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். 1499 ஜனவரியில் பன்னிரண்டாம் லூயியை மணந்தபோது நிபந்தனை விதித்தவர் அவரே. பிரிட்டனி பிரெஞ்சு முடியோடு கலந்துவிடாதபடி, அது மூத்த மகனுக்குப் போகாமல் இரண்டாம் குழந்தைக்குச் சேரவேண்டும் என்று எழுதச் செய்தார்.

ஆனால் பெற்ற ஆண் குழந்தைகள் எவரும் நிலைக்கவில்லை. மூத்த மகள் கிளோதைப் பிரெஞ்சு அரியணைக்குரிய பிரான்சிஸுக்கு மணமுடிக்க லூயி முனைந்தார். ஆன் இறுதிவரை எதிர்த்தார். 1514 ஜனவரியில், 36 வயதில், ஆன் மறைந்தார். அதே ஆண்டு மே மாதம் அத்திருமணம் நடந்தேறியது. தாயின் பட்டம் கிளோதுக்கு வந்தது. ஆட்சியோ அவருடைய கணவரிடம் சென்றது. 1532இல் பிரிட்டனி பிரான்சோடு இணைக்கப்பட்டது.

ஆனின் உடல் பிரெஞ்சு அரசர்கள் துயிலும் சான்-தெனியில் அடக்கம் செய்யப்பட்டது. இதயம் மட்டும் அவர் விருப்பப்படி ஒரு பொற்பேழையில் பிரிட்டனிக்குத் திரும்பி, நாந்த் நகரில் பெற்றோரின் கல்லறையில் வைக்கப்பட்டது.