நின்றதை அறியாத மோட்டார்: ஒரு பிழையின் வரலாறு

சென்ற பங்குனியில் ஒரு பிற்பகல். கல்பாத்தியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், நானே கூட்டியமைத்த சிறிய சிஎன்சி இயந்திரம் பலாப்பலகை ஒன்றில் பல்லாங்குழி குடைந்துகொண்டிருந்தது. ஏழு ஏழாக இரண்டு வரிசை. மொத்தம் 14 குழிகள். முதல் வரிசை பிசகின்றி முடிந்தது. ஒன்பதாவது குழியை நோக்கி வெட்டுமுனை விரைந்தபோது ஒரு கணம் கரகரவென்று ஓசை எழுந்தது. பிறகு, எதுவுமே நிகழாததுபோல இயந்திரம் எஞ்சிய குழிகளைக் குடைந்து முடித்தது. கணினித் திரையில் எண்கள் யாவும் சரியாகவே இருந்தன. பலகையிலோ, ஒன்பதாவது முதல் எல்லாக் குழிகளும் ஒரே அளவு விலகியிருந்தன.

இயந்திரவியல் என் துறையன்று. தொழில்நுட்ப வரலாறே என் ஆய்வுப்புலம். ஆகவே, இதை எப்படிச் சரிசெய்வது என்ற கேள்வியோடு இன்னொரு கேள்வியும் எழுந்தது. நின்றுபோனதைத் தானே அறியாத இயந்திரம் ஒன்றை மனிதர் ஏன் உருவாக்கினர்?

அன்று உடனிருந்தவர் எங்கள் தெருவுக்கு வழக்கமாக வரும் பம்புசெட் மெக்கானிக். வயதில் மூத்தவர். மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சூடு ஏறலையே சார். மோட்டார் நின்னிருக்காது. ஆனா அந்தச் சத்தம் சரியில்லை" என்றார். முதல் தீர்ப்பு தவறு, இரண்டாவது சரி. இரண்டிற்கும் வரலாறு உண்டு.

அவர் கற்றது கோயம்புத்தூர் மோட்டார் மரபு. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் அவ்வட்டாரத்து ஆலைகளுக்கு மின்சாரம் வந்தது. நாளடைவில் கிணறுகளுக்கும் வந்தது. 1937இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் அங்கு உருவாக்கிய மின்மோட்டாரே இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அம்மரபின் தூண்டல் மோட்டார், அச்சு சிக்கி நின்றால் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இழுக்கும், உறுமும், சூடேறும், காப்புச் சாதனம் இல்லையேல் சுருள் கருகும். நின்றுபோனதை அது தன் உடலாலேயே அறிவித்துவிடும். ஸ்டெப்பர் மோட்டார் அப்படியன்று. அதன் மின்னோட்டத்தை டிரைவர் சுற்று ஓர் எல்லைக்குள் கட்டிவைக்கிறது. ஓடினாலும் நின்றாலும் அந்த எல்லையை மீறுவதில்லை. சூட்டை வைத்து நோயறியும் தலைமுறைகளின் அனுபவம் இங்கே செல்லாததாகிறது.

இம்மோட்டாரின் பிறப்பைச் சற்று பார்ப்போம். இன்று சிறு பட்டறைகளில் மிகுதியாகக் காணப்படும் ஹைப்ரிட் வகையின் வடிவமைப்புக்கு, அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபைர்டாக், டொனஹூ இருவரும் 1952இல் காப்புரிமை பெற்றனர். மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு ஒத்து, மெதுவாகச் சுழலும் மோட்டாராகவே அவ்வடிவம் முதலில் பயன்பட்டது. சுழலியில் 50 பற்கள். ஆகவே 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு ஒரு சுற்று. அதே அமைப்பைத் துடிப்பு துடிப்பாக நகர்த்தலாம் என்ற பயன்பாடு பின்னர் வலுப்பெற்றது. ஒவ்வொரு பல்லுக்கும் நான்கு படிகள், ஆக ஒரு சுற்றுக்கு 200 படிகள், படிக்கு 1.8 பாகை. இன்று எவரும் கேள்வியின்றி ஏற்கும் இந்த எண்ணின் தோற்றம் இதுதான்.

அதே 1952இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் எண்வழிக் கட்டுப்பாட்டு அரவை இயந்திரம் ஒன்று செய்து காட்டப்பட்டது. ஜான் பார்சன்ஸின் யோசனையிலிருந்து தொடங்கி, அமெரிக்க விமானப்படையின் பணத்தில் வளர்ந்த திட்டம் அது. அதை வடிவமைத்தது அந்நிறுவனத்தின் சர்வோ ஆய்வகம். எனவே ஒவ்வோர் அச்சும் எங்கே நிற்கிறது என்பதை அளந்து கட்டுப்பாட்டுக்குத் திருப்பிச் சொல்லும் அமைப்பு அதில் தொடக்கத்திலேயே இருந்தது. ஆணை, நிறைவேற்றம், சரிபார்ப்பு ஆகிய மூன்றும் அதில் இருந்தன. செலவும் அதற்கேற்ப மிகுந்தது.

ஜப்பானில் புஜித்சுவின் செய்யுமோன் இனபா வேறு வழி கண்டார். திருப்பிச் சொல்லும் அமைப்பை நீக்கி, சிறிய துடிப்பு மோட்டாரின் அசைவை எண்ணெய் அழுத்தத்தால் பெருக்கினார். மலிவாகவும் எளிமையாகவும் இருந்த அந்த ஏற்பாட்டினால் ஃபானுக் வளர்ந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், அடுத்த ஆண்டே அந்நிறுவனம் தன் சொந்தக் கண்டுபிடிப்பைக் கைவிட்டு டிசி சர்வோ மோட்டாருக்கு மாறியது. பெருந்தொழிலில் சரிபார்ப்பு நிலைபெற்றது. ஆனால் 2005இல் தொடங்கிய ரெப்ராப் முப்பரிமாண அச்சு இயந்திரமும், 2009இல் வெளிவந்த ஜிஆர்பிஎல் என்ற கட்டற்ற மென்பொருளும், பெருந்தொழில் விட்டுச்சென்ற வழியை வீட்டுப் பட்டறைகளுக்கு மீட்டுக் கொண்டுவந்தன. என் பின்கட்டு இயந்திரம் அந்த மரபின் வாரிசு. அது ஆணையிடும், நிறைவேறியதா என்று கேட்பதில்லை.

கேட்காத இயந்திரம் குறிப்பேடும் வைப்பதில்லை. எனவே பிழையின் வடிவமே நமக்குக் கிடைக்கும் ஒரே சான்று. ஏட்டுச்சுவடி படித்தோர் இதை எளிதில் உணர்வர். ஓர் எழுத்து மாறுவதும், ஒரே சொல் இருமுறை வருவதால் இடையிலுள்ள வரி முழுவதும் விடுபடுவதும் வெவ்வேறு காரணங்களால் நேர்பவை. முன்னதில் எழுத்துகளின் ஒப்புமை தெரிகிறது. பின்னதில் படியெடுத்தவரின் கண் தாவிய இடம் தெரிகிறது.

என் இயந்திரத்தில் திருகுதண்டின் புரியிடை 5 மி.மீ. டிரைவர் ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பகுப்பதால் ஒரு சுற்றுக்கு 3200 துடிப்பு, ஒரு மி.மீட்டருக்கு 640 துடிப்பு. மின்னிரைச்சலால் துடிப்புகள் தொலைந்தால் பிழை ஒரு மி.மீட்டரில் 640இல் ஒரு பங்கு வீதம் நுணுக்கமாகச் சேர்ந்துகொண்டே போகும். இணைப்பியின் திருகு தளர்ந்து வழுக்கினால் பிழை எந்த அளவிலும் இருக்கலாம். மோட்டாரே பிடி விட்டால் மட்டும் கணக்கு வேறு. சுழலி ஒரு பல்லிலிருந்து மற்றொரு பல்லுக்குத்தான் தாவ முடியும். அதாவது 7.2 பாகை, என் திருகுதண்டில் சரியாக 0.1 மி.மீ.

டயல் கேஜைப் பொருத்தி, ஓசை எழுந்த ஒவ்வொரு முறையும் வண்டியைத் தொடக்கப் புள்ளிக்குத் திருப்பி அளந்தேன். 1.2, 0.7, 1.9. மூன்றும் 0.1இன் மடங்குகள். மோட்டார் நின்றிருக்கிறது என்பது உறுதியாயிற்று. ஏன் என்பது அடுத்த கேள்வி. மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திருகுதண்டைக் கையால் சுழற்றினேன்; எங்கும் இறுக்கமில்லை. பாலக்காட்டு வெயிலில் டிரைவர் சூடேறித் தன்னை அணைத்துக்கொள்கிறதோ என ஐயுற்று, விடியற்காலை ஆறு மணிக்கு ஓட்டிப் பார்த்தேன், அதே பிழை. மரத்தை வெட்டும்போது ஒருமுறையும் நிகழவில்லை. குழிக்குக் குழி வெறுமனே விரையும்போது மட்டுமே நிகழ்ந்தது. ஆகவே குறை சுமையில் இல்லை, வேகத்தில் இருந்தது.

நிமிடத்துக்கு 3000 மி.மீ. வேகம் என்றால் மோட்டார் நொடிக்கு 2000 படி வைக்கவேண்டும். ஒரு படிக்கு 0.5 மில்லிநொடி. சுருளின் தூண்டல் 2.8 மில்லிஹென்றி. 12 வோல்ட்டில் அதன் மின்னோட்டம் 1.5 ஆம்பியருக்கு ஏறவே ஏறத்தாழ 0.35 மில்லிநொடி ஆகும். விசை திரளும் முன்பே அடுத்த படியின் முறை வந்துவிடுகிறது. "பெரிய மோட்டார் போடு" என்று நண்பர்கள் சொன்னதைக் கேட்டிருந்தால், பெரும்பாலும் தூண்டல் மிகுந்த சுருளொன்றை வாங்கி நிலைமையை மோசமாக்கியிருப்பேன். மோட்டாரை மாற்றவில்லை. மின்னோட்ட எல்லையை அப்படியே வைத்து, டிரைவர் தாங்கும் வரம்புக்குள் மின்னழுத்தத்தை 24 வோல்ட்டாக்கினேன். முடுக்கத்தைப் பாதியாகக் குறைத்தேன். அதன்பின் 14 குழிகளும் தத்தம் இடத்தில் அமைந்தன.

டேவிட் நோபல் 1984இல் வெளியிட்ட 'ஃபோர்சஸ் ஆஃப் புரொடக்‌ஷன்' நூல், எண்வழிக் கட்டுப்பாடு தொழிலாளியின் திறனைப் பட்டறையிலிருந்து நிர்வாகத்தின் கைக்கு மாற்றும் முயற்சியுமாகும் என்று வாதிட்டது. அவ்வாதத்தோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சரிபார்ப்பை நீக்கி மலிவாக்கிய இயந்திரத்தில் சரிபார்ப்பு மறைந்துவிடுவதில்லை. அருகில் நிற்பவரின் காதுக்கு இடம் மாறுகிறது. பொருட்பட்டியலில் அதற்கு விலையில்லை. வரலாற்று நூல்களில் அதற்குப் பெயருமில்லை.

ஐப்பசியில் எங்கள் தேர் ஓடுவதைப் பார்த்தோர் அறிவர். வடம் பிடிப்போர் முன்னே இழுக்க, யானை பின்னாலிருந்து நெற்றியால் உந்துகிறது. சக்கரத்தருகே முட்டுக்கட்டையோடு குனிந்து நடப்பவரே தேர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கணந்தோறும் கண்காணிக்கிறார். புகைப்படங்களில் பெரும்பாலும் அவர் இருப்பதில்லை.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓர் இயந்திரத்தின் வரலாற்றை எழுதும்போது யார் கண்டுபிடித்தார், எப்போது ஓடியது என்பவற்றோடு, அது நின்றபோது யார் கேட்டுக்கொண்டிருந்தார் என்றும் விசாரியுங்கள். அந்த மெக்கானிக்கிடம் 0.1 மி.மீ. கணக்கை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சத்தம் சரியில்லைன்னு அன்னைக்கே சொன்னேனே" என்றார். என் ஆய்வுக் குறிப்பேட்டில் முதல் பதிவாக அதையே எழுதி வைத்திருக்கிறேன்.